புது விண்டோஸ் போட்ட பிறகு வீடியோ மட்டும் ஏன் திக்குகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதைத் தாண்டிய லேப்டாப். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். மெதுவாகிவிட்டதே என்று கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10 புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். மற்ற வேலைகள் சுறுசுறுப்பாக நடக்கின்றன. யூடியூபில் மட்டும் பேச்சு சீராக ஓடுகிறது, படம் நின்று நின்று தாவுகிறது. முழுத்திரையாக்கினால் இன்னும் மோசம். சந்தா கட்டிப் படம் பார்க்கும் தளத்தில் வெறும் கறுப்புத் திரை. கடையில் கேட்டால் "உங்கள் வீட்டு நெட் சரியில்லை" என்கிறார்கள். அதே வைஃபையில் உங்கள் போனில் எல்லாம் நன்றாக ஓடுகிறது.

போனில் ஓடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, பேச்சு நிற்காமல் ஓடுகிறது என்பதில். இணையம் மெதுவாக இருந்தால் படமும் ஒலியும் சேர்ந்தே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். வட்டம் சுற்றினால் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். படம் மட்டும் தாவினால் சரக்கு வந்து இறங்கிவிட்டது, மூட்டையைப் பிரிக்க ஆள் போதவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். கடைக்காரர் முதல் நோய்க்கு மருந்து சொல்கிறார், உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது.

என் சொல்லை நம்ப வேண்டாம், யூடியூபையே கேட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் மூலையில் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். 'பஃபர் ஹெல்த்' என்பது இன்னும் எத்தனை வினாடிக்கான வீடியோ முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது என்பதைக் காட்டும். அது இருபது, முப்பது வினாடி என்று நின்றால் இணையத்தின் மேல் குற்றம் இல்லை. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்தான்; அப்படி ஒரு படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) என்று பெயர். 'டிராப்டு ஃபிரேம்ஸ்' என்பது காட்டாமல் விட்டுவிட்ட சட்டங்களின் எண்ணிக்கை. நல்ல கணினியில் அது பூஜ்யத்திலோ ஒன்றிரண்டிலோ நிற்கும். உங்களுடையதில் வினாடிக்கு வினாடி ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்கிறேன். மூன்றாவது 'கோடெக்ஸ்' என்ற வரி, அதாவது வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறையின் பெயர். அங்கே இருப்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, மூட்டையைப் பிரிக்கும் ஆள் எங்கே போனார் என்று பார்ப்போம். விண்டோஸ் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் திருடன் அகப்பட்டான். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேலை செய்யவில்லை, எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிகின்றன, டிவியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தால் கண்டுகொள்ளவில்லை என்பவையும் இதே காரணத்தின் துணை அறிகுறிகள். இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

டிரைவர் என்பது ஒரு பாகத்தை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுக்கும் மென்பொருள். இந்த 'பேசிக்' டிரைவர் ஒரு தற்காலிக ஏற்பாடு. எந்த கிராஃபிக்ஸ் சிப் இருந்தாலும் திரையில் ஏதாவது தெரிய வேண்டும் என்பதற்காக விண்டோஸ் கூடவே கொண்டுவருவது. கோப்புகளைத் திறக்க, கடிதம் அடிக்க அது போதும். ஆனால் சிப்புக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே இருக்கும் தனிச் சுற்றைத் தொட அதற்குத் தெரியாது. அந்த வேலை முழுவதும் கணினியின் மூளையான சிபியுவின் தலையில் விழுகிறது.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 1080பி படத்தின் ஒரு சட்டத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 30 சட்டங்கள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று வைத்துச் சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மெகாபிட் ஆகும். 1080பி பார்க்க யூடியூப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ 5 மெகாபிட். அதாவது முன்னூறில் ஒரு பங்காக மடித்துக் கட்டியதை உங்கள் கணினி வினாடிக்கு முப்பது முறை விரித்துக் காட்ட வேண்டும். தனிச் சுற்றுக்கு இது அன்றாட வேலை, மின்சாரமும் கொஞ்சம்தான் செலவாகும். பழைய ஐ3-யின் சிபியுவுக்கு இது மலை. அதனால்தான் விசிறி இரைகிறது, அடிப்பாகம் சுடுகிறது. சூடு ஏறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திக்கல் இன்னும் கூடும்.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். 'டிரைவர் பேக்', 'டிரைவர் பூஸ்டர்' என்று தேடலில் முதலில் வந்து நிற்பவற்றைத் தொடவே வேண்டாம். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, தேடச் சொல்லி, வருவதையெல்லாம் நிறுவி, மறுதொடக்கம் செய்து, மறுபடியும் தேடச் சொல்லுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸில் ஒரே சுற்றில் எல்லாம் வந்துவிடாது. இரண்டு மூன்று சுற்று ஆகும். அதே பக்கத்தில் 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஓர் இணைப்பு இருந்தால் அதற்குள் டிரைவர் பகுதியையும் பாருங்கள். பலருடைய கிராஃபிக்ஸ் டிரைவர் அங்கேதான் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும். இந்த நேரத்தில் வன்தட்டு நூறு சதவீதத்தில் ஓடும், கணினி தவழும். அப்போது வீடியோவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எடுத்துக்கொண்டு தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்துக்குப் போங்கள். இன்டெல்லின் பொது டிரைவர் நேரடியாகக் கிடைக்கும்தான், ஆனால் சில லேப்டாப்களில் அது 'இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்படாதது' என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடும். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று மாற்றியமைத்த டிரைவரைக் கேட்கிறது என்று அர்த்தம். அந்த ஆதரவுப் பக்கத்திலேயே சிப்செட் டிரைவரையும் ஒலி டிரைவரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் எனக்கும் ஒரு மாலை இதில் வீணாகியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் ரூட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டேன், சேனலை மாற்றினேன், கம்பி இழுத்து நேரடியாக இணைத்தேன். கடைசியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோதுதான் அந்த 'பேசிக்' என்ற சொல் என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து ரூட்டர் பக்கம் போவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுகிறேன்.

சரியான டிரைவர் வந்த பிறகு பிரவுசருக்கு அது தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் அமைப்புகள், அதற்குள் 'சிஸ்டம்' என்ற பகுதியில் கிராஃபிக்ஸ் முடுக்கத்தை (வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைப்பதை) பயன்படுத்தச் சொல்லும் பொத்தான் போடப்பட்டிருக்க வேண்டும். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று தட்டி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று இடைவெளி விடாமல் சேர்த்தால் ஒரு நீண்ட அறிக்கை வரும். மேலேயே 'வீடியோ டிகோட்' என்ற வரியில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட்' என்று பச்சையில் இருந்தால் வேலை முடிந்தது. மாறாக, டிரைவர் போட்ட பிறகு படம் பச்சையாகத் தெரிகிறது அல்லது துண்டு துண்டாக உடைகிறது என்றால், அந்த முடுக்கத்தை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் டிரைவர் பழுது என்பது உறுதி. ஆனால் அணைத்த நிலையிலேயே விட்டுவிடாதீர்கள். வலி எங்கே என்று கண்டுபிடிக்க அழுத்திப் பார்ப்பது போன்றது அது. மருந்து வேறு பதிப்பு டிரைவர்தான்.

இப்போது தாளில் குறித்த கோடெக் வரிக்கு வருவோம். உங்கள் தலைமுறைக் கணினிக்கு டிரைவருக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான், பெரும்பாலும் யாரும் சொல்லாததும் இதுதான். ஒரே வீடியோவை யூடியூப் பல விதமாகச் சுருக்கி வைத்திருக்கிறது. ஏவிசி1 என்று தொடங்கினால் அது எச்.264; 2003-இல் வந்த பழைய முறை. விபி09 என்றால் விபி9, 2013-இல் கூகுள் கொண்டுவந்தது. ஏவி01 என்றால் ஏவி1, 2018-இல் வந்தது. புதிதாகப் போகப் போக இணையச் செலவு குறையும், பிரிக்கும் உழைப்பு கூடும். உங்கள் நான்காம் தலைமுறைச் சிப்பில் எச்.264-ஐப் பிரிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. விபி9-க்கு முழுமையான சுற்றை இன்டெல் ஏழாம் தலைமுறையில்தான் வைத்தது, ஏவி1-க்கு 2020-இல் வந்த பதினோராம் தலைமுறையில். ஆக, சரியான டிரைவரே இருந்தாலும் யூடியூப் விபி9-இல் அனுப்பினால் உங்கள் சிபியுவே சுமக்க வேண்டியிருக்கும்.

"முன்பு இதே கணினியில் நன்றாக ஓடியதே" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு விளக்கம் இங்கே இருக்கலாம். எச்264இஃபை என்று ஒரு சின்ன பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) உண்டு. "எனக்கு எச்.264 மட்டும்தான் தெரியும்" என்று யூடியூபிடம் சொல்லிவிடுவதுதான் அதன் ஒரே வேலை. யாரோ விவரம் தெரிந்தவர் உங்கள் பழைய விண்டோஸில் அதைப் போட்டுக் கொடுத்து, நீங்கள் மறந்திருக்கக்கூடும். மறுநிறுவலில் டிரைவரோடு சேர்த்து அதுவும் அழிந்திருக்கும். அதையோ அதே வேலையைச் செய்யும் அதன் வாரிசுகளில் ஒன்றையோ பிரவுசரின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 60 சட்டங்கள் கொண்ட வீடியோவைத் தடுக்கும் விருப்பமும் அதில் உண்டு. அதையும் தேர்ந்தெடுத்தால் சுமை பாதியாகும். ஒரு விலை கொடுக்க வேண்டும்: யூடியூப் எச்.264-ஐ 1080பி வரை மட்டுமே தருகிறது. உங்கள் திரையே அதற்கு மேல் போகாது என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. யூடியூப் கணக்கு அமைப்புகளில் 'பிளேபேக் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற இடத்தில் ஏவி1-க்கு முன்னுரிமை தரும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. அதில் 'எப்போதும் ஏவி1' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து அந்தக் கறுப்புத் திரை. இது வேறு கதை. சந்தா தளங்கள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன; இந்தப் பூட்டுக்கு டிஆர்எம் என்று பெயர். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்தப் பூட்டைத் திறப்பது வைட்வைன் என்ற கூகுளின் துணைநிரல். பிரவுசரைப் புதிதாக நிறுவிய உடனே அது முழுமையாக வந்திருக்காது, பின்னணியில் இறங்கும். குரோமில், முன்பு ஜிபியு என்று தட்டிய இடத்தில் 'காம்பொனன்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வைட்வைன் என்ற பெயருக்குக் கீழே புதுப்பிக்கும் பொத்தான் இருக்கும். பதிப்பு எண் 0.0.0.0 என்று காட்டினால் அது இறங்கவே இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகளில் 'டிஆர்எம் உள்ளடக்கத்தை இயக்கு' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் பார்ப்பவர் என்றால், எச்டிசிபி என்ற இன்னொரு காவலும் நடுவில் உண்டு. அதற்கும் முறையான கிராஃபிக்ஸ் டிரைவர் தேவை. திரையைப் பதிவுசெய்யும் மென்பொருளோ தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளோ ஓடிக்கொண்டிருந்தாலும் சில தளங்கள் கறுப்பாகிவிடும். கடைக்காரர் உதவிக்கென்று போட்டு வைத்த தொலை இணைப்பு மென்பொருள் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீடியோவுக்காக இல்லாவிட்டாலும் அதை எடுத்துவிடுங்கள்.

கறுப்புத் திரைக்கு இன்னொரு காரணம், சொன்னால் சிரிப்பீர்கள்: கடிகாரம். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது நேர மண்டலம் பல சமயம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் நிற்கும். கடையில் மண்டலத்தை மாற்றாமல் கடிகார முள்ளை மட்டும் நகர்த்தி நம்மூர் நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பார்வைக்கு மணி சரியாக இருக்கும். ஆனால் கணினி உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தைக் கணக்கிடும்போது பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் முந்திப் போய்விடும். உரிமம் கொடுக்கும் சர்வரும் பாதுகாப்புச் சான்றிதழும் அந்த உள்நேரத்தைத்தான் பார்க்கின்றன. நேர மண்டலத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் தானாக அமைக்கச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகைதான், விலை அற்பம்.

கடையில் போட்டது எந்த விண்டோஸ் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய கணினிக்கு ஏற்றது என்று சொல்லிச் சில கடைகளில் 'லைட்' என்ற பெயரில் யாரோ வெட்டிக் குறைத்த விண்டோஸைப் போடுகிறார்கள். வெட்டியதில் பல சமயம் ஒலி-ஒளிப் பகுதிகளும் போய்விடுகின்றன. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரே வீடியோவைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் போட்டுப் பாருங்கள். குரோம் எச்.264-ஐப் பிரிக்கும் கருவியைத் தன் பையிலேயே வைத்திருக்கிறது; விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் அதை இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. குரோமில் ஓடி ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் ஓடவில்லை என்றால் விண்டோஸின் வயிற்றில்தான் ஏதோ இல்லை. வெட்டாத அசல் விண்டோஸிலும் இது நேரும்: பதிப்புப் பெயரின் இறுதியில் 'என்' என்ற எழுத்து இருந்தால். மைக்ரோசாஃப்ட் மீது 2004-இல் ஐரோப்பிய ஆணையம் எடுத்த நடவடிக்கையால் பிறந்த பதிப்பு அது. மீடியா பகுதிகள் இல்லாமல் வரும். அமைப்புகளில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்பதற்குள் 'மீடியா ஃபீச்சர் பேக்' என்று தேடி நிறுவி மறுதொடக்கம் செய்தால் போதும். வெட்டிய விண்டோஸுக்கு அப்படி ஒட்டுப்போட முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து முறையாகப் போடுங்கள். அந்தக் கணினியில் அசல் விண்டோஸ் 10 முன்பு செயல்படுத்தப்பட்டிருந்தால் அதே பதிப்பு பெரும்பாலும் தானாகவே செயல்பட்டுவிடும்.

வீடியோ திக்காமல், தொடங்கியதும் அப்படியே உறைந்துபோகிறது என்பவர்களுக்கு ஒரு வரி. ஒலி டிரைவரைப் பாருங்கள். பிளேயர்கள் படத்தை ஒலியின் ஓட்டத்தை வைத்துத்தான் நகர்த்துகின்றன. ஒலிச் சாதனம் பதில் சொல்லவில்லை என்றால் படமும் காத்து நிற்கும். யூடியூப் 'ஆடியோ ரெண்டரர் எரர்' என்று காட்டுவது இதைத்தான். மலிவான ஹெட்போன் ஒன்றைச் செருகி எடுத்தாலே சில சமயம் சரியாகும்.

விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் போட்டவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அங்கே காரணம் காப்புரிமைச் சட்டம். எச்.264-க்குக் காப்புரிமைகள் இருப்பதால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா அதற்கான முழுக் கருவிகளைத் தன் மென்பொருள் களஞ்சியத்தில் வைப்பதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். ஓபன்சூசேயில் அந்த வேலையைப் பேக்மேன் செய்கிறது. உபுண்டுவில் நிறுவும்போதே மூன்றாம் தரப்பு மென்பொருள் என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. விட்டிருந்தால் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

தேடும்போது கண்ணில் படும் இரண்டு பழைய அறிவுரைகளை மட்டும் ஒதுக்குங்கள். ஒன்று, ஃபிளாஷ் பிளேயரை நிறுவுங்கள் என்பது. அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதில் உள்ளடக்கம் ஓடுவதையே தடுத்துவிட்டது. இன்று 'ஃபிளாஷ் புதுப்பிக்கவும்' என்று எந்தத் தளம் கேட்டாலும் அது வைரஸ் கொடுக்கத்தான் கேட்கிறது. இன்னொன்று, கோடெக் பேக் போடுங்கள் என்பது. அது உங்கள் வன்தட்டில் இருக்கும் படங்களைப் பார்க்க உதவலாம். குரோம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இன்று இரவு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, நாளைக் காலை டிவைஸ் மேனேஜரையும் நேர மண்டலத்தையும் பார்த்து, அதன் பிறகு நீட்சியைப் போட்டு அந்த 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பெட்டியை மறுபடி திறப்பேன். அப்போதும் டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறினால், டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியில் இருக்கும் முழுப் பெயரையும் கோடெக் வரியையும் லேப்டாப்பின் மாடல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.